அம்மாவின் போனில் ஒரு பள்ளி நூலகம்

சென்னையில் ஒரு பள்ளியின் நூலகப் பொறுப்பு இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலகராகவே நியமிக்கப்பட்டிருக்கலாம். அல்லது தமிழோ கணக்கோ எடுத்துக்கொண்டே, "லைப்ரரியையும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சாவி கொடுக்கப்பட்ட ஆசிரியராக இருக்கலாம். சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கினால் பிள்ளைகள் படிக்க வருவார்களா என்று யோசிக்கிறீர்கள். வருவார்கள். ஆனால் எந்தப் புத்தகத்தை, யாருடைய போனுக்கு, எந்த நேரத்தில் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வருவார்கள். அதற்கான வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் யாருக்காக எழுதுகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தப் போன் கிடையாது, இருக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றுமே ஒருவர் தாமாகக் கணக்கு தொடங்க 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. பெரும்பாலான வீடுகளில் சாயங்காலம் பிள்ளையின் கைக்கு வருவது அம்மாவின் போன்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஆகவே உங்கள் பதிவை முதலில் பார்ப்பவர் அம்மா, இல்லையென்றால் அப்பா, பாட்டி. அவர் "இங்க பாரு, உங்க ஸ்கூல்ல இந்தப் புக் இருக்காம்" என்று பிள்ளையிடம் காட்ட வேண்டும். மறுநாள் அந்தப் பிள்ளை வந்து "அந்த ஆமை புக் இருக்கா மிஸ்?" என்று கேட்க வேண்டும். பக்கம் தொடங்குவதன் நோக்கம் இவ்வளவுதான். இனி நான் சொல்லும் ஒவ்வொன்றையும் இந்த ஒரு கேள்வியோடு பொருத்திப் பாருங்கள்.

இந்த வேலைக்கு நம் ஊரில் நல்ல முன்னோடி உண்டு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அலமாரிகளைத் திறந்து வைப்பது, புத்தகங்களைக் கண்ணில் படும்படி அடுக்குவது, வெளியே போய் மக்களிடம் அறிவிப்பது எல்லாவற்றையும் அவர் இந்த விதியின் கீழ்தான் பேசினார். நீங்கள் போனில் செய்யப்போவதும் அதே அறிவிப்புதான்.

முதலில் அனுமதி

தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் தொடங்காதீர்கள். வாய்மொழியாகச் சொன்ன "சரி, பண்ணுங்க" அடுத்த தலைமையாசிரியர் வந்ததும் காணாமல் போய்விடும். அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்றால் சமூக ஊடகம் பற்றித் துறையிலிருந்து சுற்றறிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலிலும் பள்ளியின் பெயரில் வாங்கிய சிம்மிலும் தொடங்குங்கள். உங்கள் சொந்த எண் வேண்டவே வேண்டாம். சொந்த எண் ஒருமுறை வெளியே போய்விட்டால், இரவு பதினோரு மணிக்கும் "சார், நாளைக்கு லீவா?" என்று செய்தி வரும். இரண்டு படிச் சரிபார்ப்பை உடனே போட்டுவிடுங்கள். இன்னொரு ஆசிரியரையும் அட்மின் ஆக்குங்கள்.

அடுத்தது பிள்ளைகளின் படம். இதில் என் கருத்து கண்டிப்பானது: முகம் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்றும் சொல்கிறது. கல்வி ஆண்டின் தொடக்கத்தில் ஒப்புதல் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கத்தான் வேண்டும். பிள்ளையின் குரலுக்கும் கையெழுத்துக்கும்கூட அது தேவை. ஆனால் ஒப்புதல் கிடைத்தாலும் முகத்தைப் போடாமல் இருப்பதே நல்லது. புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளைப் போடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையின் முதுகைப் போடுங்கள். பெயர், வகுப்பு, பிரிவு, சீருடை பேட்ஜ், பள்ளி விடும் நேரம் இவற்றில் எந்த இரண்டும் ஒரே பதிவில் சேரக் கூடாது. "ஏழாம் வகுப்பு வாசகி" என்பது போதும். முகமே இல்லாத பக்கம் சப்பென்று இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். நடந்துகொண்டே ஒருவர் புத்தகம் படிப்பதைப் பின்னாலிருந்து எடுத்த படம், வரிசையாக நின்று சிரிக்கும் இருபது முகங்களைவிட நன்றாகவே பேசும்.

எந்த ஊடகம்?

எல்லாவற்றிலும் ஒரே நாளில் கணக்கு தொடங்காதீர்கள். ஒன்றை எடுத்து ஒரு பருவம் முழுக்க ஒழுங்காக நடத்துங்கள். சென்னைப் பள்ளிக்கு அந்த ஒன்று வாட்ஸ்அப் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெற்றோர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பிலும் மூன்று வழிகள் உண்டு. குழுவில் சேர்பவர்களின் எண் எல்லோருக்கும் தெரியும். முந்நூறு பெற்றோர் ஒருவர் எண்ணை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தை நூலகத்துக்காகப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நூலகத்துக்குப் பொருத்தமானது சேனல். பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பொதுவாகப் பதில் எழுத முடியாது, எமோஜி போடலாம், கருத்துக்கணிப்பில் வாக்களிக்கலாம். ஒரு சிக்கல் உண்டு. சேனல் செய்திகளுக்குப் பொதுவாக மணி அடிக்காது. அது தனிப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பெற்றோர் கூட்டத்தன்று சேனலின் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு வாசலில் ஒட்டி, பின்தொடரச் சொல்லி, அறிவிப்பை இயக்கும் மணிப் பொத்தானை அங்கேயே அழுத்தச் சொல்லுங்கள். வாரத்தின் முக்கியமான பதிவை மட்டும் வகுப்பாசிரியர்கள் தங்கள் வகுப்புக் குழுவில் பகிர்ந்தால் மீதி வேலை நடந்துவிடும். வகுப்பாசிரியர்களின் தயவு இல்லாமல் இது நடக்காது. அவர்களுக்குப் பிடித்த புத்தகத்தை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளும் பழைய மாணவர்களும் இன்ஸ்டாகிராமில் இருப்பார்கள். மேல்நிலைப் பள்ளி என்றால் இரண்டாம் பருவத்தில் அதைத் தொடங்கலாம். தமிழ் எழுத்தாளர்கள், பதிப்பாளர்கள், சிறார் இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் இன்றும் நிறைய எழுதுவது ஃபேஸ்புக்கில். பள்ளிக்கு ஒரு எழுத்தாளரை அழைக்க வேண்டும், நன்கொடையாகப் புத்தகம் கேட்க வேண்டும் என்றால் அந்தக் கணக்கு உதவும். யூடியூப் கதை வாசிப்புக்கு ஏற்றது. காணொளியைக் குழந்தைகளுக்கானது என்று குறித்துவிட்டால் கமெண்ட் பகுதி மூடப்பட்டுவிடும். நமக்கு அது நல்லதுதான். வெளிநாடுகளில் டிக்டாக்கில் புத்தகம் பேசுவது பெரிய அலையாக இருக்கிறது. இங்கே 2020இலிருந்து அந்தச் செயலிக்குத் தடை. அதன் பாணியை ரீல்ஸில் அப்படியே நகலெடுத்து, புத்தகத்தைக் கட்டிப்பிடித்து அழும் காட்சிகளைப் பிள்ளைகளை வைத்து எடுக்க வேண்டாம்.

அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

முதல் பதிவுக்கு முன்னால், இரும்பு பீரோவைத் திறந்து வையுங்கள். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் புத்தகத்தைப் பற்றி உலகமெல்லாம் அறிவிப்பதில் பயன் இல்லை. அப்புறம் வழங்கல் பதிவேட்டை எடுத்து, கடந்த ஓராண்டில் ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகங்களில் முப்பதைத் தேர்ந்தெடுங்கள். தூசி தட்டி, ஒவ்வொன்றையும் நீங்களே படியுங்கள். சிறுவர் நூல்கள்தானே, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். படிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதினால் பின்னட்டையில் இருப்பதைத்தான் எழுதுவீர்கள், பிள்ளைகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நன்றாக இல்லாத புத்தகங்கள் அந்த முப்பதில் கட்டாயம் இருக்கும். அறிவுரை மட்டுமே நிறைந்தவை, பழுப்பேறி எழுத்து மங்கியவை, பிள்ளைக்குப் புரியாத நடையில் உள்ளவை. அவற்றைத் தள்ளி வையுங்கள். யாரும் எடுக்காததற்குச் சில புத்தகங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. மிச்சம் பதினைந்து தேறினால் முதல் இரண்டு மாதத்துக்குச் சரக்கு இருக்கிறது என்று பொருள்.

எத்தனை பிரதி இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு பிரதி இருக்கும் புத்தகத்துக்கு நல்ல பதிவு எழுதினால் மறுநாள் நாற்பது பேர் வந்து நிற்பார்கள், முப்பத்தொன்பது பேர் ஏமாந்து போவார்கள். அவர்களுக்காக ஒரு காத்திருப்போர் பட்டியலை மேசைமேல் வையுங்கள். பெயர் எழுதியதும், "அது வரும்வரைக்கும் இதைப் படி" என்று அதே மாதிரி இன்னொரு புத்தகத்தை உடனே நீட்ட வேண்டும். வெறுங்கையோடு யாரும் வெளியே போகக் கூடாது.

என்ன எழுதுவது

"வாசிப்பை நேசிப்போம்", "நூல்கள் அறிவின் ஊற்று" போன்ற வரிகளை எழுதாதீர்கள். இவற்றைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் நூலகத்துக்கு ஓடி வந்ததில்லை. ஒரு பதிவில் ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு ஆச்சரியம். அது நம் நூலகத்தில் இருக்கும் இடம். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

ஆச்சரியத்தைப் பிள்ளையின் தெருவிலிருந்து எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. கடல் ஆமை பற்றிய ஒரு சின்னப் படப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். தன்னார்வ மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். அந்தப் பருவத்தில் இப்படி எழுதலாம்:

"பெசன்ட் நகர் பீச்சுக்கு எத்தனையோ தடவை போயிருப்பீங்க. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, நடுராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டை போட்டுவிட்டு, விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும் ஒருத்தியைத் தெரியுமா? அவளுடைய கதை நம் நூலகத்தில் இருக்கிறது. ஜன்னலோர அலமாரி, இரண்டாம் தட்டு. 24 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். நாலாம், ஐந்தாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். நாளை மதியம் வந்து கேளுங்கள்."

இதில் அறிவுரை எதுவும் இல்லை. பக்க எண்ணிக்கை இருக்கிறது. தடிமனான புத்தகத்தைப் பார்த்தால் பயப்படும் பிள்ளைக்கும், "இவனால முடியுமா" என்று யோசிக்கும் அம்மாவுக்கும் அது தெரிய வேண்டும். எந்த வகுப்புக்கு என்பது இருக்கிறது. எங்கே, எப்போது என்பது இருக்கிறது.

வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கத்துப் பள்ளி என்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2022இல் அது ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பறவைகள் பற்றிய எந்தப் புத்தகத்தையும் அங்கே வரும் ஒரு பறவையிலிருந்து தொடங்கலாம். ராயபுரத்துப் பள்ளிக்கு ரயில் கதை: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது அந்த ராயபுரம் நிலையத்திலிருந்துதான். காசிமேட்டுக்கு மீனும் படகும், வியாசர்பாடிக்குக் கால்பந்து. அண்ணா சாலையிலிருந்து எழுதுவதுபோலப் பொதுவாக எழுதாமல், உங்கள் பள்ளி வாசலில் நின்றுகொண்டு எழுதுங்கள்.

பள்ளியில் வேலை செய்யும் பெரியவர்களைப் பதிவுக்குள் கொண்டுவருவது எனக்கு மிகவும் பிடித்த வழி. பி.டி. மாஸ்டர் கையில் ஒரு துப்பறியும் கதை. சத்துணவு அக்கா எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகம். வாட்ச்மேன் அண்ணன் தினமும் கேட்டில் உட்கார்ந்து படிக்கும் செய்தித்தாள். அவர்கள் சம்மதித்தால் முகத்தோடு படம் எடுத்து, என்ன படிக்கிறார்கள், ஏன் பிடித்தது என்று அவர்கள் சொன்னபடியே இரண்டு வரி போடுங்கள். படிப்பு என்பது பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, தினமும் விசில் ஊதும் மாஸ்டர் ராத்திரியில் கதைப் புத்தகம் படிக்கிறார் என்பது பெரிய செய்தி.

கருத்துக்கணிப்பும் நல்லது. இரண்டு அட்டைகளைப் போட்டு, வெள்ளிக்கிழமை லைப்ரரி பீரியடில் எதை வாசிக்கலாம் என்று கேளுங்கள். ஜெயித்த புத்தகத்தை அந்த வெள்ளிக்கிழமையே வாசித்தாக வேண்டும். வாசிக்கவில்லை என்றால் அடுத்த வாக்கெடுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். புதுப் புத்தகங்கள் வந்தால் ஒரு படம் போதும், அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பிள்ளைகளின் குரல்

ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளேயும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வையுங்கள். படித்து முடித்தவர் அதில் ஒன்றிரண்டு வரி எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். எழுதிய சீட்டைப் புத்தகத்தின்மேல் வைத்துப் படம் எடுத்தால் அதுவே பதிவு. எழுத்துப்பிழை இருந்தால் என்ன செய்வது? பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் பிள்ளையின் பிழையை வைத்தால் யாராவது கேலி செய்வார்கள். எழுதியவரிடமே காட்டி, திருத்தி, வேறு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கருத்தை மட்டும் திருத்தாதீர்கள். "கடைசில நாய் செத்துப்போனது எனக்குப் பிடிக்கல" என்று எழுதியிருந்தால் அப்படியே போகட்டும், அதைப் படித்துவிட்டுத்தான் பத்துப் பேர் அந்தப் புத்தகத்தைத் தேடி வருவார்கள்.

அதைவிடவும் பலன் தருவது ஒலி. ஒரு பிள்ளை கதையின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்து, சரியாக முடிச்சு விழும் இடத்தில் நிறுத்த வேண்டும். நாற்பது நொடிக்கு மேல் வேண்டாம். முகம் தெரியாது, டேட்டாவும் அதிகம் செலவாகாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, நாலு பக்கமும் புத்தகம் இருக்கும் மூலையில் உட்காரவையுங்கள். எதிரொலி குறையும்.

சென்னைப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் பிள்ளைகள் நிறைய. திருவல்லிக்கேணியில் ஒரு பிள்ளை தமிழ்க் கதையைப் படித்துவிட்டு, அது எதைப் பற்றி என்று உருதுவில் முப்பது நொடி சொன்னால், அந்த வீட்டு அம்மாவுக்கும் நூலகம் சொந்தமாகிவிடும்.

ஆறேழு மாணவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்துக்கொள்ளுங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் பதினொன்றாம் வகுப்பிலிருந்தும் எடுக்கலாம். பத்தையும் பன்னிரண்டையும் பொதுத்தேர்வுக்கு விட்டுவிடுவோம். முதல் மதிப்பெண் வாங்குபவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். நன்றாகப் படம் வரைகிறவர், எல்லோரையும் சிரிக்கவைப்பவர், காமிக்ஸ் மட்டுமே படிப்பவர் ஆகியோரும் வேண்டும். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது, எழுதுவது, வடிவமைப்பது அவர்கள் வேலை. பாஸ்வேர்டும் வெளியிடும் பொத்தானும் உங்களிடம் இருக்கட்டும்.

எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது

முழுப் புத்தகத்தையும் வாசித்து யூடியூபில் போட்டுவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. மொழிபெயர்த்தவருக்கும் படம் வரைந்தவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. வகுப்பறைக்குள் வாசிப்பது வேறு, இணையத்தில் எல்லோருக்கும் வெளியிடுவது வேறு. அட்டைப் படமும் சில வரிகளும் போட்டு, நூலின் பெயர், ஆசிரியர், ஓவியர், பதிப்பகம் எல்லாவற்றையும் குறிப்பிடுவது நல்ல பழக்கம். அதற்குமேல் வேண்டும் என்றால் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தங்கள் புத்தகத்தைப் பிள்ளைகள் வாசிப்பதைப் பதிப்பாளர்கள் பொதுவாக விரும்புவார்கள்.

முழுக்க வாசிக்கவும் வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே ஏராளமான படக்கதைகள் உள்ளன. அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், உரியவர்களுக்கு நன்றி குறிப்பிட்டுவிட்டு வாசிக்கலாம், பகிரலாம், அச்சிடலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் நூல்களும் உண்டு. அவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பார்க்கலாம். அந்தக் கழகம் கோட்டூர்புரத்தில்தான் இருக்கிறது.

படமும் எழுத்தும்

காசு செலவழிக்க வேண்டாம். சாதாரணப் போனும் பகல் பத்து மணி ஜன்னல் வெளிச்சமும் போதும். டியூப்லைட்டுக்குக் கீழே அட்டை பளபளத்துத் தலைப்பு மறைந்துவிடும். வடிவமைக்க கேன்வா போன்ற செயலி இருக்கிறது, பள்ளி ஆசிரியர் என்பதற்குச் சான்று கொடுத்தால் அதன் கல்விப் பதிப்பு இலவசம். அளவு 1080க்கு 1350 என்று வைத்தால் போன் திரையை நன்றாக நிறைக்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற இலவச யூனிகோடு எழுத்துருக்கள் சின்ன அளவிலும் தெளிவாகத் தெரியும். படத்துக்குள் பத்து வார்த்தைக்கு மேல் வேண்டாம். நூலின் பெயரையும் விவரங்களையும் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். தேடினால் கிடைக்கும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு போன் படித்தும் காட்டும்.

எப்போது போடுவது

வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். தினமும் போட்டால் பெற்றோர் ஒலியை நிறுத்திவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பக்கமாகப் போடுங்கள். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள், பிள்ளை பக்கத்தில் இருக்கும், மறுநாள் பள்ளியும் இருக்கும். வெள்ளி ராத்திரி போட்டால் திங்கட்கிழமைக்குள் மறந்துவிடும்.

சென்னையின் வருடத்துக்கென்று ஒரு போக்கு இருக்கிறது. ஜூன் மாதம் முழுக்கப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதில் போய்விடும். ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். நவம்பர் 14 எல்லோருக்கும் தெரியும். அதே நவம்பரில் மழையும் வந்துவிடும். காலையில் ஆட்சியர் விடுமுறை அறிவித்த அடுத்த நிமிடம் ஊர் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில், கையில் போனோடு. நூலகப் பக்கத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஐந்து கதைகளின் இணைப்பை அக்டோபரிலேயே வகுப்புவாரியாகத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு, விடுமுறை அறிவிப்பு வந்ததும் போட்டுவிடுங்கள்.

ஜனவரியில் புத்தகக் காட்சி. புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்களின் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்திவரும் இந்தக் காட்சி அண்மைக் காலமாக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. டிசம்பர் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பட்டியல் தயாரித்து வெளியிடுங்கள். காட்சிக்குப் போகும் பெற்றோரில் சிலர் பட்டியலில் ஒன்றை வாங்கிப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். அரங்குகளில் வழக்கமாக 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. நன்கொடையாக வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக நன்றி சொல்லிப் பதிவு போடுங்கள்.

ஏப்ரல் 2 பன்னாட்டுச் சிறார் நூல் நாள், 23 உலகப் புத்தக நாள். இரண்டும் தேர்வுக்கும் விடுமுறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது பெரிய விழா எதுவும் வேண்டாம். கோடை விடுமுறையில் எந்தப் பொது நூலகத்துக்குப் போகலாம் என்று சொல்லும் பதிவுதான் அந்த நேரத்துக்குப் பயன்படும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தின் நேரத்தை விசாரித்துப் போடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்று தனித் தளமே இருக்கிறது. எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் இருக்கிறது.

போன் இல்லாத பிள்ளைகள்

சில வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சில மாதம் ரீசார்ஜ் இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு நூலகச் செய்தி தாமதமாகப் போகக் கூடாது. ஒவ்வொரு பதிவையும் ஏ4 தாளில் அச்சிட்டு, மதிய உணவு வரிசை நிற்கும் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, அதே முதல் பக்கத்தை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். சேனலில் போகும் எதுவும் சுவரிலும் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கமெண்ட், புகார்

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கமெண்டுகளைத் தினமும் ஒருமுறை பாருங்கள். மோசமானதை அழியுங்கள், வாதாட வேண்டாம். "என் பிள்ளையின் கையெழுத்தை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு பெற்றோர் கேட்டால் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாணவர்களோடு தனிச் செய்தியில் பேச வேண்டாம், புத்தகம் பற்றிய கேள்வியாக இருந்தாலும் "நாளை நூலகத்துக்கு வா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏதாவது பிள்ளை தனக்கு ஆபத்து என்பதுபோல எழுதினால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் தலைமையாசிரியரிடம் உடனே கொண்டுபோங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒரு புத்தகத்தைப் பற்றியே புகார் வரலாம். பேய்க்கதையை எதற்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்பார்கள், காமிக்ஸ் எல்லாம் படிப்பா என்பார்கள். இணையத்தில் பதில் எழுதாதீர்கள். நேரில் அழைத்து, அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, பத்துப் பக்கம் படிக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பலனை எங்கே பார்ப்பது

லைக் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு லைக் போடுவது பெரும்பாலும் மற்ற ஆசிரியர்களும் பழைய மாணவர்களுமாக இருப்பார்கள். பலன் இருப்பது வழங்கல் பதிவேட்டில். அதில் கடைசிப் பத்தியாக ஒரு கோடு போட்டு, "எப்படித் தெரிந்தது?" என்று எழுதுங்கள். புத்தகம் எடுக்கும்போது போன், சுவர், நண்பர், ஆசிரியர் என்று ஒரு வார்த்தை குறித்தால் போதும். ஒரு பதிவு போட்ட பிறகு இரண்டு வாரத்தில் அந்தப் புத்தகம் எத்தனை கை மாறியது என்று பாருங்கள். பல பள்ளிகளில் "நண்பர்" என்ற வார்த்தைதான் கூடுதலாக வரும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. முதல் பிள்ளைக்கு போன் சொன்னது, மற்றவர்களுக்கு அந்தப் பிள்ளை சொன்னது.

ஒரு பருவம் முடிந்ததும் எந்த வகைப் பதிவுக்குப் புத்தகம் நகர்ந்தது என்று குழுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒலிக்கு நகர்ந்து ரீல்ஸுக்கு நகரவில்லை என்றால் ரீல்ஸை விட்டுவிடலாம். எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்பதற்காக மட்டும் எதையும் தொடர வேண்டாம்.

பொறுப்பு மாறும்போது

மாறுதல் வரும், ஓய்வும் வரும். நூலகச் சாவியோடு பக்கத்தின் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். எந்தெந்தத் தளத்தில் என்ன பெயரில் கணக்கு இருக்கிறது, எந்த மின்னஞ்சல், எந்த சிம், யார் யார் அட்மின், ஒப்புதல் படிவங்கள் எந்தக் கோப்பில் உள்ளன, எந்தப் பெற்றோர் வேண்டாம் என்றார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பிரதியைத் தலைமையாசிரியர் அறையிலும் இன்னொன்றை வழங்கல் பதிவேட்டின் உள்ளட்டையிலும் ஒட்டிவிடுங்கள். புதியவர் வந்ததும் அவரை அட்மின் ஆக்கி, ஒரு பதிவை அவரே போடுவதை உடனிருந்து பார்த்துவிட்டு, உங்கள் போனிலிருந்து கணக்கை நீக்கிவிடுங்கள்.